அத்தியாயம் 7: ஒரே ஆங்கிலச் சொல், வேறு வேறு மேசை

இரணைமடுக் குளத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய எந்த அறிக்கையை எடுத்தாலும் 'டாங்க்' என்ற சொல் வரும். இலங்கையிலும் இந்தியாவிலும் புழங்கும் ஆங்கிலத்தில் அதற்குக் குளம் என்று பொருள். முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் பாவற்குளமும் அந்த ஆங்கிலத்தில் டாங்க்தான். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் அந்த அறிக்கையை முதன்முறை வாசித்தால் குளம் அவருக்கு நினைவு வராது. தண்ணீர்த் தாங்கியையோ போர் டாங்கியையோதான் நினைப்பார். வன்னிச் சனத்துக்கு மூன்றுமே பழக்கம். குளத்துத் தண்ணீரில் வயல் விதைத்தவர்கள். போரில் சாய்ந்த பெரிய தண்ணீர்த் தாங்கி கிளிநொச்சி வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததைப் பார்த்தவர்கள். டாங்கியின் இரைச்சலைப் பங்கருக்குள் இருந்து கேட்டவர்கள்.

இந்தப் பொருள்கள் தனித்தனியாக முளைக்கவில்லை. முதலாம் உலகப்போரில் பிரித்தானியப் படை ஒரு கவச வண்டியைச் செய்தது. 1916 இல் அதைக் களத்துக்கு அனுப்பும்வரை விடயம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, தண்ணீர்த் தாங்கி செய்வதாகக் கதை பரப்பினார்கள். மறைப்புக்கு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்கள் பலவற்றின் பொருள்கள் இப்படித்தான் பெருகின. புதிய பொருளுக்குப் புதுச் சொல் தேடாமல், கையில் இருந்த பழைய சொல்லையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் வாய்க்குள் நுழையாத நீளமான சொற்கள் படிப்பவரை அதிகம் ஏமாற்றுவதில்லை. அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள். அகராதியைப் பார்த்தால் அலுவல் முடிந்தது. தெரியும் என்று நினைத்துக் கடந்துபோகிற சின்னச் சொற்களில்தான் பிழை விடுகிறோம்.

இந்த அத்தியாயத்தில் பாடமாக்கும் பட்டியல் இல்லை. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற ஆங்கில மரபுத்தொடரைச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். வங்கியிலோ வைத்தியசாலையிலோ பிரதேச செயலகத்திலோ அது அவர்களுக்கு ஒருநாளும் உதவப்போவதில்லை. அங்கே உதவுவது மூன்று கேள்விகள். இந்தச் சொல்லை எந்த மேசையில் இருப்பவர் சொல்கிறார்? முன்னும் பின்னும் எந்தச் சொல் நிற்கிறது? இது ஒரு பொருளின் பெயரா, செய்கிற வேலையா? இனி வரும் ஒவ்வொரு சொல்லிலும் இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

வைத்தியசாலையில்

'டிஸ்சார்ஜ்' என்றால் எங்கள் பேச்சில் துண்டு வெட்டுவது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், நல்ல செய்தி. அதே வைத்தியசாலையில், அதே கையெழுத்தில், புண்ணைப் பற்றி எழுதும்போது டிஸ்சார்ஜ் என்றால் புண்ணிலிருந்து வடிகிற சீழோ நீரோ. காதிலிருந்து டிஸ்சார்ஜ் இருக்கிறது என்று எழுதியிருந்தால் காதைப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு விடுவதாக நினைத்து உடுப்பை மடிக்கக்கூடாது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் மேசையில் டிஸ்சார்ஜ் என்பது குளத்திலிருந்து வெளியேறும் தண்ணீரின் அளவு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஆங்கிலச் செய்தி வாசித்த பிள்ளைகளுக்கு இந்தப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் வான் பாய்கிறது, வான் கதவு திறந்தாயிற்று என்று சொல்வதை அந்தச் செய்தி இந்தச் சொல்லாலும் சொல்லும். ஈட்டுக்கடன் கட்டி முடிந்ததும் ஈட்டிலிருந்து காணியை விடுவிப்பதும் டிஸ்சார்ஜ். வழக்கிலிருந்து ஒருவரை விடுவிப்பதும் அதுதான். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: உள்ளே தேங்கியிருந்தது வெளியே போகிறது. போவது ஆளா, சீழா, தண்ணீரா, கடனா என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லிவிடும்.

துண்டு வெட்டும்போது கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டைத் தூக்கி எறியாமல் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகுங்கள். ஆங்கிலம் படிக்க இதைவிடப் பயனுள்ள ஒரு பக்கம் வீட்டில் இருக்காது. அதில் 'கொம்ப்ளெயின்ட்' என்று இருந்தால் யாரும் யார்மீதும் பொலிசில் முறைப்பாடு கொடுக்கவில்லை. நோயாளி வந்து சொன்ன வருத்தம் அது: காய்ச்சல், நெஞ்சுநோ, மூச்சு முட்டு. 'ஹிஸ்டரி' என்றால் சரித்திரப் பாடமில்லை. இந்த வருத்தம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன வருத்தங்கள் இருந்தன என்ற விபரம். 'அன்ரிமார்க்கபிள்' என்று நெஞ்சுப் படத்தைப் பற்றி எழுதியிருந்தால் கவலைப்படத் தேவையில்லை. பள்ளிக்கூட அறிக்கையில் அந்தச் சொல் வந்தால் பிள்ளை சொல்லும்படியாக ஒன்றும் செய்யவில்லை என்ற குறை; வைத்தியரின் வாயில் அது, பிழையாக ஒன்றும் கண்ணில் படவில்லை என்ற நல்ல சொல். 'ரிவியூ' என்றும் ஒரு திகதியும் இருந்தால் அந்தத் திகதிக்குக் கிளினிக் போகவேண்டும். படத்துக்கு விமர்சனம் எழுதுவதற்கும் இதே சொல்தான் என்று அறிந்த பெடியன்கள்கூட, தங்கள் அம்மாவின் கார்ட்டில் இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விடுவதால் மருந்து தவறுகிறது.

'பொசிடிவ்', 'நெகடிவ்' இரண்டையும் தனியாகச் சொல்லவேண்டும். பேச்சுப் போட்டியிலும் வேலை நேர்முகத்திலும் பொசிடிவ் நல்லது, நெகடிவ் கூடாது. ஆய்வுகூடத்தில் இந்த ஒழுங்கு செல்லாது. தேடியது இருந்தால் பொசிடிவ், இல்லாவிட்டால் நெகடிவ், அவ்வளவுதான். டெங்கு நெகடிவ் என்றால் மகிழ்ச்சி. பிள்ளைக்காக ஏங்கியிருக்கும் பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனை நெகடிவ் என்றால் துக்கம். ஒருகாலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பெயர்போன மண் இது. இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று தந்தது. அந்தச் சான்றுக்குப் பின்னால், இரத்தச் சொட்டைக் கண்ணாடித் தட்டில் பூசிப் பார்த்து எழுதிய எத்தனையோ நெகடிவ்கள் இருக்கின்றன. நோய் தேடும் மேசையில் அதைவிட இனிய சொல் கிடையாது.

'தியேட்டர்' சத்திரசிகிச்சைக் கூடம், 'லேபர்' பிரசவம், 'வார்ட்' விடுதி. இவற்றை எல்லோரும் பழகிவிட்டோம். தேர்தல் காலத்தில் வார்ட் வட்டாரமாகவும், தொழில் திணைக்களத்தில் லேபர் தொழிலாளராகவும் மாறுவதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

காசு மேசையில்

பஸ்ஸில் கொண்டக்டரிடம் 'பலன்ஸ்' கேட்டால் மிச்சக் காசு வரும். சேமிப்புப் புத்தகத்தில் பலன்ஸ் என்றால் வங்கியில் இருக்கும் உங்கள் காசு. கடன் கடிதத்தில் பலன்ஸ் என்றால் நீங்கள் இன்னும் கட்டவேண்டிய காசு. ஒரே சொல், ஒரே ரூபாய்க் குறி, எதிர்த்திசை. இதற்கு முன்னால் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று ஒரு சொல் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், அது கட்டவேண்டிய காசு. பரிசளிப்பு விழாவில் அவுட்ஸ்டாண்டிங் மாணவி என்றால் மற்றவர்களைவிட உயர்ந்து நிற்பவள். லீசிங் கொம்பனியின் கடிதத்தில் அது தீர்க்கப்படாமல் நிற்கும் பாக்கி. மகளின் சான்றிதழும் அப்பாவின் ஓட்டோ லீசிங் கடிதமும் ஒரே அலுமாரியில் இருக்கும் வீடுகளில் இந்தச் சொல்லை இரண்டு தாளிலும் தேடிக் காட்டிப் பிள்ளைக்குப் பழக்கலாம்.

'டிஃபோல்ட்' என்பது போனில் நீங்கள் மாற்றாமல் விட்ட அமைப்பு. கடனில் அது தவணை தவறியமை. போனில் கண்டு பழகிய பிள்ளைகள் கடிதத்தில் அதைக் கண்டால் வழமையான ஏதோ என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. உங்கள் தவணை வரலாறு இலங்கைக் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான அந்த அமைப்பைத்தான் சனம் 'கிறிப்' என்கிறது.

கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டிய சொல் 'ரைட் ஓஃப்'. விபத்தில் திருத்தமுடியாமல் நொறுங்கிய வாகனத்தைக் காப்புறுதிக்காரர் இப்படிச் சொல்வார். இவன் தேறமாட்டான் என்று ஒருவரைக் கைவிடுவதும் இதே தொடர். கடனில் இதற்கு இரண்டு பொருள் இருப்பதுதான் ஆபத்து. 2018 இல் அரசு, வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தத் தொடரை எழுதின. அங்கே அது உண்மையான தள்ளுபடி. ஆனால் ஒரு வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு கடனை ரைட் ஓஃப் செய்தது என்றால், இந்தக் காசு இனித் திரும்பி வராது என்று தன் கணக்கை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவுதான். கடன்காரர் இன்னும் கடன்காரர்தான். வங்கி பின்னால் வரலாம், வழக்கும் போடலாம். கடிதத்தில் இந்தத் தொடரைக் கண்டு ஆறுதல்படுமுன், 'இனி நான் ஒண்டும் கட்டத் தேவையில்லை எண்டு எழுத்தில தருவீங்களோ?' என்று கேளுங்கள். தந்தால்தான் தள்ளுபடி.

காணி மேசையில்

'இன்டரெஸ்ட்' என்றால் வட்டி என்று எல்லோருக்கும் தெரியும். ஈடுபாடு என்ற பொருளும் பள்ளிக்கூடத்தில் வந்துவிடும். மூன்றாவது பொருள் உறுதியில் இருக்கிறது. தாய் தகப்பன் பிள்ளைக்குக் காணியை நன்கொடையாக எழுதி, தாங்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டால், ஆங்கில உறுதியில் அது 'லைஃப் இன்டரெஸ்ட்'. தமிழில் சீவிய உரித்து. வாழ்நாள் வட்டி என்று மொழிபெயர்த்தால் குடும்பமே கலங்கிப்போகும். அதே உறுதியின் கடைசியில் நொத்தாரிசு முன்னிலையில் அது 'எக்ஸிகியூட்' ஆனதாக எழுதியிருப்பார்கள். மரண தண்டனை நிறைவேற்றுவதற்கும் இதே சொல் என்பதால் திடுக்கிடும் பிள்ளைகள் உண்டு. நாங்கள் உறுதி முடிப்பது என்று சொல்வதுதான் அது.

'கிராண்ட்' வன்னியில் இரண்டு வழியால் வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தபோது அது திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி என்பதைச் சொல்ல இந்தச் சொல் பயன்பட்டது. காணியில் அது வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் பேர்மிட், அதாவது அனுமதிப்பத்திரம். நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு கிராண்ட், அதாவது அளிப்புப் பத்திரம். வீட்டு உதவியில் கிராண்ட் என்றால் பிறகு எங்களைக் கேட்க ஆளில்லை என்று பழகியவர்கள், காணிக் கிராண்டையும் முழுச் சொந்த உறுதி என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியில்லை. அளிப்புக் காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. காசைக் கை மாற்றுமுன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள்: 'ஐயா, இந்தக் கிராண்டில என்னென்ன நிபந்தனை இருக்கு?'

கிளியர்

எங்கள் மண்ணில் இந்தச் சொல் பட்ட பாடு பெரிது. போர்க்காலத்தில் அரச தரப்பு ஆங்கிலம் நாட்டை இரண்டாகப் பிரித்தது: படையின் கட்டுப்பாட்டில் இருப்பது 'கிளியர்ட்', புலிகளின் கட்டுப்பாட்டில் இருப்பது 'அன்கிளியர்ட்'. பத்திரிகையும் நிவாரணப் படிவமும் அதையே திருப்பி எழுதின. அந்தச் சொல்லுக்குள் வயலும் பள்ளிக்கூடமும் பிள்ளைகுட்டியுமாகச் சனம் வாழ்ந்துகொண்டிருந்தது. 2009க்குப் பிறகு அதே சொல் மிதிவெடியோடு சேர்ந்து வந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களில், முகமாலையிலும் மற்ற இடங்களிலும், வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய எங்கள் பெண்கள் பலர். அவர்கள் கிளியர் செய்து தந்த நிலம் கால் வைத்து நடக்கலாம் என்று நம்பக்கூடிய நிலம். அந்தப் பொருளில் இந்தச் சொல்லை மதிப்போடு உச்சரிக்கலாம்.

படிவத்தில் கண்டால் பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். மிதிவெடி என்ற சொல் தொடர்ந்தால் வெடிபொருள் அகற்றியது. காடு என்று வந்தால் வெட்டி வெளியாக்கியது, வனத் திணைக்களம் கேள்வி கேட்கக்கூடியது. உரித்து என்று வந்தால் வில்லங்கம் இல்லாத காணி. செக் கிளியர் ஆவது காசு கணக்கில் விழுவது. வெளிநாடு போக எடுக்கும் பொலிஸ் கிளியரன்ஸ் குற்றப் பதிவு இல்லை என்ற சான்று. கடைக் கண்ணாடியில் கிளியரன்ஸ் என்று ஒட்டியிருந்தால் மலிவு விற்பனை.

மிதிவெடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இரட்டைக்காரன்தான். 'மைன்' என்னுடையது என்றும் பொருள்படும். சுரங்கம் என்றும் பொருள்படும். பழைய காலத்தில் கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்ததால் சுரங்கத்தின் பெயர் வெடிக்கு வந்தது. என்னுடையது என்ற பொருளுக்கு வேறு வேர். ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது.

கூட்டத்தில் கேட்கும் தொடர்கள்

திட்டம் 'பைப்லைனில்' இருக்கிறது என்று ஓர் அதிகாரி சொன்னால், அது இன்னும் தொடங்கவில்லை, வரிசையில் இருக்கிறது என்று பொருள். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் ஆண்டுக்கணக்காக எதிர்த்த இடத்தில், இந்தத் தொடரைக் கேட்டவர்கள் குழாய் புதைக்கத் தொடங்கிவிட்டார்களோ என்று கேட்டால் அவர்களைக் குறை சொல்லமுடியாது. 'லுக் இன்டூ' என்றால் விசாரித்துப் பார்ப்போம். 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரிப்போம். வாக்குறுதியின் அளவு இரண்டிலும் ஒன்றல்ல.

'சங்ஷன்' இன்னும் வில்லங்கம். எங்கள் அலுவலகங்களில் லோன் சங்ஷன் ஆயிட்டுது என்றால் அனுமதி கிடைத்துவிட்டது. சர்வதேசச் செய்தியில் ஒரு நாட்டின்மீதோ ஒரு தளபதியின்மீதோ சங்ஷன் என்றால் தடை. ஒரு யோசனையை 'டேபிள்' செய்வதும் அப்படித்தான்: பிரித்தானிய வழக்கில் சபையில் முன்வைப்பது, அமெரிக்க வழக்கில் ஒத்திப்போடுவது. எங்கள் பிரதேச சபைகள் பிரித்தானிய வழக்கில் போகின்றன. அமெரிக்க நிறுவனத்தின் ஆளோடு இருக்கும் கூட்டத்தில் இந்தச் சொல் வந்தால், இன்றைக்கே கதைக்கிறோமா, பிறகா என்று நேரே கேட்டுவிடுங்கள்.

காணாமல் போனோர், ஆக்கப்பட்டோர்

மொழிபெயர்ப்பாளராக வேலை செய்ய எண்ணும் இளையோருக்கு இந்தப் பகுதி. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அப்படியே. அவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காணாமல் ஆக்கப்பட்டோர் என்றே சொல்கிறார்கள். போனோர் என்று யாராவது சொன்னால் இடைமறித்துத் திருத்துகிறார்கள். அவர்களில் பலர், எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலேயே, தாய்மாரே கையில் பிடித்துப் படையிடம் ஒப்படைத்த பிள்ளைகள்.

ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங்' பல இடத்தில் நிற்கும் சொல். படிவத்தில் ஒரு தாள் மிஸ்ஸிங். பிரிந்திருக்கும் மகளை மிஸ் பண்ணுகிறோம். சந்தையில் பிள்ளை மிஸ்ஸிங். எதிலும் செய்தவர் ஒருவர் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால், காணாமல் போனோரைத் தேட அமைந்த அலுவலகத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது; அலுவலகத்தைக் குறிப்பிடும்போது அதன் சட்டப் பெயரையே எழுதவேண்டும். ஆனால் ஒரு தாய் ஆக்கப்பட்டோர் என்று சொன்னதை மிஸ்ஸிங் என்று மொழிபெயர்த்தால், அவள் சொன்ன குற்றச்சாட்டை நீங்கள் அழித்துவிட்டீர்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபோர்சிப்ளி டிஸப்பியர்ட்' இருக்கிறது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச சமவாயத்தின் பெயரிலும், அதை இலங்கையில் நடைமுறைப்படுத்த வந்த 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலும் இருப்பது அதன் பெயர்ச்சொல் வடிவமான 'என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்'. மிஸ்ஸிங் என்று எழுதாமல் இவற்றையே எழுதுங்கள்.

'குளோஷர்' என்ற சொல்லிலும் கவனம். வீதியை மூடுவது, கோவையை மூடுவது, துயரத்துக்கு ஒரு முடிவு கிடைத்து மனம் ஆறுவது எல்லாம் ஆங்கிலத்தில் அது ஒன்றே. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பான மனிதர் கடைசிப் பொருளில் கேட்பார். அதைத் தமிழில் 'முடிச்சுக்கொள்ள விரும்புறீங்களோ அம்மா?' என்று சொன்னால், கோவையை மூடச் சம்மதமா என்று கேட்டதாகத்தான் தாய்க்கு விளங்கும். 'பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு தெரிஞ்சால் உங்கட மனதுக்கு ஆறுதலா இருக்குமோ?' என்று விரித்துச் சொல்லுங்கள். நேரம் கூடப் போனால் போகட்டும்.

அகராதியும் கொப்பியும்

ஆங்கிலம் தமிழ் அகராதி ஒரு சொல்லுக்கு ஐந்து தமிழ்ச் சொல் அடுக்கித் தரும். எது எங்கே என்று சொல்லாது. கற்போருக்கான ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அதில் பொருள்களுக்கு இலக்கமிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் தந்திருப்பார்கள். முதல் இலக்கத்தோடு நிறுத்துவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. கடைசி இலக்கம்வரை வசனங்களை மட்டுமாவது வாசியுங்கள். கொப்பியில் சொல்லைத் தனியே எழுதவேண்டாம். கண்ட இடத்தையும் அதன் பக்கத்துச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்: வங்கிக் கடிதம், அவுட்ஸ்டாண்டிங் பலன்ஸ், கட்டவேண்டிய பாக்கி. அதே சொல்லை வேறு மேசையில் கண்டால் அந்த வரிக்குக் கீழேயே புது வரி.

விளங்காத தாளில் கையெழுத்து வைக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. வடக்கில் உள்ள அரச அலுவலகம் எதிலும் உங்கள் அலுவலைத் தமிழில் செய்யவும், பதிலைத் தமிழில் பெறவும் உரிமை இருக்கிறது. தனியார் கடன் நிறுவனமாக இருந்தாலும் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். தராவிட்டால் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருவதாகச் சொல்லுங்கள். மேசையில் இருப்பவர் அவசரப்படுத்தினால் சொல்லவேண்டிய வசனம் இது: 'தம்பி, இந்தச் சொல் இந்த இடத்தில என்ன கருத்து எண்டு தமிழில ஒருக்காச் சொல்லுங்கோ, எழுதிக்கொண்டு வாறன்.' அவர் சொல்வதைத் திகதியோடும் அவர் பதவியோடும் அந்தக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள்.